லைட் மீட்டர் வாங்கும் முன்: மூன்று மீட்டர் வாங்கியவன் எழுதும் வழிகாட்டி

வெளிச்சத்தை அளந்து, கேமராவை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லும் கருவி லைட் மீட்டர். இப்போது என் கழுத்தில் தொங்குவது நான் வாங்கிய மூன்றாவது. முதலாவது பாதி செத்த மீட்டர். முள் ஆடிக்கொண்டே இருந்ததால், அது செத்தது தெரியவே நான்கு ரோல் ஃபிலிம் ஆனது. இரண்டாவது அருமையான கருவி, ஆனால் நான் எடுக்கும் படங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவதைத்தான் முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். விலையிலும் அது இரண்டாவதைவிடக் குறைவு.

“நல்ல மீட்டர் எது?” என்று கேட்டுக்கொண்டு போனதுதான் நான் செய்த தப்பு. எங்கே நின்று, எந்த ஒளியை அளக்கப் போகிறேன் என்று என்னையே கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மாடல்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். கீழே உள்ள வரிசையில் போனால் என் செலவு உங்களுக்கு மிச்சம்.

1. தேவைதானா என்று பாருங்கள்

டிஜிட்டல் கேமராவில், இருக்கிற வெளிச்சத்தில் மட்டும் படம் எடுப்பவர் என்றால் தனி மீட்டர் வேண்டாம். கேமராவுக்குள் இருக்கும் மீட்டரும், படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடமும் போதும். மீட்டரே இல்லாத பழைய ஃபிலிம் கேமரா, மீட்டர் செத்துப்போன கேமரா, பெரிய ஷீட் ஃபிலிம் கேமரா, ஸ்டூடியோ ஃப்ளாஷ், சினிமா லைட்டிங் இவற்றில் ஏதாவது உங்கள் கையில் இருந்தால் மேலே படியுங்கள்.

அவசரமும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று ரோலுக்கு ஃபோன் ஆப் தாராளமாகப் போதும். கூடவே பழைய வெயில் கணக்கையும் நினைவில் வையுங்கள்: நல்ல வெயிலில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 16; ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (ஒளியை உணரும் வேகத்துக்கான எண்) பக்கத்தில். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் என்றால் 1/125 நொடி. இந்த ஒரு கணக்கு பின்னால் பழைய மீட்டரைச் சோதிக்கவும் உதவும்.

ஆப்பில் ஒரு பொறி உண்டு. ஃபோனின் கேமரா வழியாக அளப்பது பரவாயில்லை. முகப்பில் இருக்கும் குட்டி சென்சாரை வைத்து “விழும் ஒளி” அளக்கிறேன் என்று சில ஆப்கள் சொல்லும், அதை நம்பாதீர்கள். திரையின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க வைத்த சென்சார் அது. ஃபோனைச் சற்றுச் சாய்த்தாலே எண் மாறும்.

2. விழும் ஒளியா, திரும்பி வரும் ஒளியா

மொத்தக் கட்டுரையில் இதை மட்டும் படித்தாலும் போதும்.

மீட்டர் இரண்டு வழியில் அளக்கும். பொருளிலிருந்து கேமராவை நோக்கித் திரும்பி வரும் ஒளியை அளப்பது ஒன்று. இதை ரிஃப்ளெக்டட் என்பார்கள். பொருள்மேல் விழும் ஒளியை அளப்பது இன்னொன்று, இது இன்சிடென்ட். மீட்டரின் தலையில் பாதிப் பந்து போல வெள்ளைக் குமிழ் இருந்தால் அது இன்சிடென்ட் அளப்பதற்கு.

ரிஃப்ளெக்டட் மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். ஒரு நிழலான வராந்தாவில் நண்பரை நிற்க வைத்து நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். அப்பர்ச்சர் எஃப் 8. பின்னால் இருந்த வெள்ளைச் சுவருக்கு மீட்டரைக் காட்டினேன்: 1/500. அவர் போட்டிருந்த கறுப்புச் சட்டைக்குக் காட்டினேன்: 1/30. அவர் தாடைக்குக் கீழே வெள்ளைக் குமிழைப் பிடித்து, குமிழைக் கேமராப் பக்கம் திருப்பி அளந்தேன்: 1/125. வெளிச்சம் கொஞ்சமும் மாறவில்லை, ஆள் அசையவில்லை. ஆனாலும் சுவருக்கும் சட்டைக்கும் நடுவே நான்கு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு, அல்லது பாதி). சுவரை நம்பியிருந்தால் முகம் கரி. சட்டையை நம்பியிருந்தால் முகம் வெளிறிப் போயிருக்கும். மூன்றாவது எண்ணில் எடுத்த படம் அப்படியே அமைந்தது.

பொருளின் நிறம் எதுவானாலும் இன்சிடென்ட் மீட்டருக்குக் கவலை இல்லை, விழுகிற வெளிச்சத்தை மட்டும்தான் அது பார்க்கிறது. ஆள்படம், மேசைமேல் வைத்த பொருள், வீட்டுக்குள் எடுக்கும் படம் என்று பக்கத்தில் போக முடிந்த எல்லாவற்றுக்கும் இதுதான் வேகமான வழி. பக்கத்தில் போக முடியாவிட்டாலும், அங்கே விழும் அதே வெயில் நீங்கள் நிற்கும் இடத்திலும் விழுந்தால் நின்ற இடத்திலேயே அளக்கலாம்.

புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, குமிழை விளக்கை நோக்கிக் காட்டுவது. கேமராவை நோக்கிக் காட்டுங்கள். அளக்கும்போது உங்கள் நிழலே குமிழ்மேல் விழாதபடி கையை நீட்டிப் பிடியுங்கள்.

இன்சிடென்ட் கைவிடும் இடங்களும் உண்டு. தூரத்து மேடை, உங்கள்மேல் மேக நிழலும் எதிர்மலையில் வெயிலும் இருக்கும் காட்சி, நியான் பலகை, அந்தி வானம், வெளிச்சம் ஊடுருவும் வண்ணக் கண்ணாடி. தானே ஒளிர்கிற எதையும் குமிழால் அளக்க முடியாது, ரிஃப்ளெக்டட்தான் கதி.

ரிஃப்ளெக்டட்டிலேயே குறுகிய கோணத்தில் அளப்பது ஸ்பாட் மீட்டர். சாதாரண மீட்டர் சுமார் 40 டிகிரி அகலத்தைப் பார்க்கும். 35 மிமீ கேமராவில் 50 மிமீ லென்ஸ் பக்கவாட்டில் காண்பது ஏறக்குறைய அவ்வளவுதான். ஸ்பாட் மீட்டர் 1 டிகிரியை மட்டும் பார்க்கும். முழுநிலா அரை டிகிரி, அதைப் போல இரண்டு. பத்து மீட்டர் தொலைவில் 17 சென்டிமீட்டர், அதாவது ஒரு முகம். பென்டாக்ஸ் டிஜிட்டல் ஸ்பாட்மீட்டர், மினோல்ட்டா ஸ்பாட்மீட்டர் எஃப் இரண்டும் இந்த வகையில் பேர்போனவை.

என் இரண்டாவது மீட்டர் ஒரு ஸ்பாட் மீட்டர்தான். நான் எடுப்பதோ பெரும்பாலும் மனிதர்களை. நெற்றியில் ஒரு எண், கன்னத்தில் ஒரு எண், காலரில் ஒரு எண். எந்த இடம் நடுச் சாம்பல், எந்த இடத்தை எத்தனை ஸ்டாப் தூக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் எதிரே நிற்பவரின் சிரிப்பு காய்ந்துவிடும். நிலக்காட்சியை முக்காலியில் வைத்து நிதானமாக எடுப்பவருக்கு அது தெய்வம், எனக்குச் சுமை.

3. உள்ளே ஒளியை உணரும் செல் எது

செலினியம்: பேட்டரி வேண்டாம். வெஸ்டன் மாஸ்டர் வரிசை, பழைய செகோனிக் எல்-398 எல்லாம் இந்த வகை. பார்க்க அழகு. ஆனால் செல்லுக்கு வயதாகும், ஈரம் பட்டால் சீக்கிரமே சாகும். என் முதல் மீட்டர் இதில்தான் மாட்டியது. “முள் ஆடுது சார், நல்லா வேலை செய்யுது” என்று விற்றவர் சொன்னார். ஆடியது உண்மை. வெயிலில் இரண்டு ஸ்டாப் குறைத்துக் காட்டியது, வீட்டுக்குள் அசையவே இல்லை. வெளிச்சம் குறைவு என்று மீட்டர் சொன்னதை நம்பி நான் கூடுதலாக எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழும் ஒளி) கொடுக்க, நெகட்டிவ் எல்லாம் கறுத்துத் தடித்து வந்தது. கேமராவின் ஷட்டர்தான் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்து அதை வேறு சர்வீசுக்குக் கொடுத்தேன். முள் ஆடுவது செல்லில் கொஞ்சம் உயிர் இருப்பதற்குத்தான் சாட்சி, சரியாக அளக்கிறது என்பதற்கு இல்லை. இன்னொன்று: செகோனிக் எல்-398ஏ பார்க்க பழையது போலவே இருந்தாலும் உள்ளே செலினியம் கிடையாது, அமார்ஃபஸ் சிலிக்கன். பேட்டரி இல்லாத மீட்டர்தான் வேண்டும் என்பவர்கள் இந்த ‘ஏ’ எழுத்தைக் கவனியுங்கள்.

காட்மியம் சல்ஃபைடு: மங்கலிலும் அளக்கும். ஆனால் பிரகாசமான இடத்திலிருந்து இருட்டுக்குள் வந்தால் சற்று நேரம் பழைய நினைப்பிலேயே இருக்கும். பெரிய தொந்தரவு பேட்டரி. கோசன் லூனா-ப்ரோ போன்றவை 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை, அந்தப் பேட்டரி இப்போது கடைகளில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் கிடைக்கும், அழகாக உள்ளே உட்காரும், மீட்டரும் எண் காட்டும், எண் தப்பாக இருக்கும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ஸிங்க்-ஏர் பேட்டரியை ஒரு வளையம் வைத்துப் பொருத்தலாம், அது 1.4 வோல்ட். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்த நாளிலிருந்து தேயத் தொடங்கிவிடும், எனவே அடிக்கடி மாற்ற வேண்டும். மின்னழுத்தத்தைச் சரிசெய்து தரும் அடாப்டர்களும் உண்டு. அவற்றின் விலையையும் மீட்டர் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

சிலிக்கன்: வேகம், நிதானம், தகராறு இல்லை. புதியவர்கள் இதையே எடுங்கள். என்ன பேட்டரி என்று மட்டும் கேளுங்கள். செகோனிக் எல்-308 வரிசைக்கும் மினோல்ட்டா ஆட்டோமீட்டர் IV எஃப்-க்கும் ஒரே ஒரு ‘டபுள் ஏ’ பேட்டரி போதும். ரிமோட்டில் போடும் அதே பேட்டரி வகைதான் என்பதால் ஊர் விட்டு ஊர் போகும்போது இதன் அருமை தெரியும்.

4. ஃப்ளாஷ் உண்டா

ஸ்டூடியோ ஃப்ளாஷ் இப்போது இல்லாவிட்டாலும் ஒரு வருடத்துக்குள் வாங்கும் எண்ணம் இருந்தால் ஃப்ளாஷ் அளக்கும் மீட்டரையே எடுங்கள். சாதாரண மீட்டருக்கு ஃப்ளாஷ் அடித்ததே தெரியாது. எல்-398ஏ எவ்வளவு நல்ல கருவியானாலும் ஃப்ளாஷுக்கு உதவாது.

ஃப்ளாஷ் அளக்கும்போது ஷட்டர் வேகத்தை நீங்கள் வைக்க வேண்டும், மீட்டர் அப்பர்ச்சரைச் சொல்லும். ஒயர் செருகியும் அளக்கலாம், ஒயர் இல்லாமல் மீட்டரைக் காத்திருக்கச் செய்து ஃப்ளாஷை அடித்தும் அளக்கலாம். ஃப்ளாஷை மேனுவலில் வையுங்கள். ஃப்ளாஷின் அளவைக் கேமராவே லென்ஸ் வழியாகப் பார்த்து முடிவு செய்யும் டிடிஎல்லில் முதலில் ஒரு சின்ன முன்மின்னல் அடிக்கும். மீட்டர் அதை அளந்துவிட்டு, “வேலை முடிந்தது” என்று உட்கார்ந்துவிடும்.

ரேடியோ வழியாக ஃப்ளாஷை இயக்கும் விலை கூடிய மீட்டர்களில், ஃப்ளாஷை அடிக்க வைக்கும் உங்கள் ட்ரிகர் எந்தக் கம்பெனியோ அதற்கு ஏற்ற மாட்யூலைத் தனியே வாங்க வேண்டியிருக்கும். பெட்டிக்குள் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

5. விவர அட்டையில் பார்க்க வேண்டிய எண்கள்

முதலில் பெயர். லக்ஸ் மீட்டர் கட்டட வெளிச்சம் அளப்பது, அப்பர்ச்சரும் ஷட்டரும் அதில் வராது. கலர் மீட்டர் ஒளியின் நிறத்தை அளப்பது. தேடும்போது மூன்றும் கலந்தே வரும், படத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

அடுத்து ஈவி எல்லை. ஈவி என்பது வெளிச்சத்துக்கு ஒரு எண். ஒன்று கூடினால் ஒளி இரண்டு மடங்கு. ஐஎஸ்ஓ 100 கணக்கில் நல்ல வெயில் 15, மேகமூட்டம் அல்லது திறந்த வெளியின் நிழல் 12, இரவில் விளக்கு போட்ட வீட்டறை 5 முதல் 7 வரை. எல்-398ஏ 4-இல் தொடங்கி 17 வரை போகும். எல்-308 வரிசை 0-விலிருந்து 19.9 வரை. இருட்டறையிலும் தெருவிளக்கிலும் வேலை செய்பவருக்கு இந்த நான்கு ஸ்டாப் பெரிய விஷயம். ஐஎஸ்ஓவை 3200 என்று திருப்பிவிட்டால் மீட்டர் இருட்டை இன்னும் நன்றாகப் பார்க்கும் என்று நான் நினைத்ததுண்டு. அப்படி நடக்காது. திருப்புவதால் கணக்கு மாறுமே தவிர, செல்லின் கண் அதேதான்.

இரண்டு கம்பெனி மீட்டர்கள் ஸ்டாப்பில் ஆறில் ஒரு பங்கு வேறுபட்டால் பதற வேண்டாம். ரிஃப்ளெக்டட் அளவுக்குச் செகோனிக் 12.5 என்ற மாறிலியையும், மினோல்ட்டாவும் பென்டாக்ஸும் 14-ஐயும் எடுத்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் அது.

கேமராவின் தலையில் ஃப்ளாஷ் செருகும் இடமான ஹாட் ஷூவில் உட்காரும் குட்டி மீட்டர்களைப் பற்றியும் கேட்பீர்கள். வாய்க்ட்லண்டர் விசி மீட்டர் போன்றவை. தெருவில் நடந்துகொண்டே எடுப்பவருக்குக் கச்சிதம். அவை பெரும்பாலும் ரிஃப்ளெக்டட் மட்டுமே அளக்கும். வெள்ளைச் சுவர் கதையை மறக்காமல் வாங்குங்கள்.

6. செலவுக் கணக்கு

விலை ஏறும் வரிசை பொதுவாக இப்படி: ஆப், பழைய செலினியம், ஹாட் ஷூ மீட்டர், ஃப்ளாஷும் அளக்கும் எளிய டிஜிட்டல் மீட்டர், கடைசியில் ஸ்பாட்டும் ஃப்ளாஷும் சேர்ந்த பெரிய மீட்டர். எளியதற்கும் பெரியதற்கும் நடுவே இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். அந்தக் கூடுதல் பணம் பெரும்பாலும் ஸ்பாட்டுக்காகத்தான், அது வேண்டாம் என்றால் பணமும் மிச்சம்.

விலை அட்டையில் வராத செலவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள்: பேட்டரி அடாப்டர், காணாமல் போன குமிழ், அளவுத் திருத்தம். பழைய செலினியம் மீட்டரைத் திருத்தக் கொடுத்தால் கூலியே வாங்கிய விலையைத் தாண்டிவிடும். அப்புறம் ஃபிலிம். சதுரப் படக் கேமராவில் ஒரு 120 ரோலுக்கு 12 படம்தான். நான் வீணாக்கிய நான்கு ரோல், கழுவும் கூலி, ஸ்கேன், தேவையில்லாத ஷட்டர் சர்வீஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு நல்ல டிஜிட்டல் மீட்டரில் பாதி வந்துவிட்டது.

7. பழையது வாங்கினால் கையில் வைத்துச் செய்ய வேண்டியவை

பத்து நிமிடம் போதும். விற்பவர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள்.

பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. செல்லைக் கையால் முழுக்க மூடுங்கள், முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். மூடியபடியே மீட்டரைச் சாய்த்துத் திருப்புங்கள். முள் சாய்வுக்கு ஏற்ப ஓடினால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. குமிழ் மஞ்சளாகவோ கீறலாகவோ இருக்கக் கூடாது. எல்-398 என்றால் வெயிலில் செருகும் ஓட்டைத் தகடு கூடவே இருக்கிறதா என்று கேளுங்கள், அது இல்லாமல் வெயிலில் முள் ஓரத்தில் போய் முட்டிக்கொள்ளும்.

பிறகு அளவு. நேரடி வெயிலில் குமிழைப் பிடித்தால், ஐஎஸ்ஓ 100-இல் 1/125, எஃப் 16 பக்கம் காட்ட வேண்டும். அதோடு நிறுத்தாதீர்கள். நிழலில் ஒருமுறை, அறைக்குள் ஒருமுறை அளந்து, ஒரு டிஜிட்டல் கேமராவோடு ஒப்பிடுங்கள். ஒரே நிறச் சுவரை இரண்டும் ரிஃப்ளெக்டட்டில் பார்க்கட்டும். மூன்று இடத்திலும் ஒரே அளவு பிசகினால் சமாளிக்கலாம். வெயிலில் சரி, அறையில் இரண்டு ஸ்டாப் தப்பு என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் செய்ய இன்னொரு சோதனை: இருட்டறையில் மூடியில்லாத ஒரு சின்ன பல்பு. ஒரு மீட்டர் தொலைவில் அளந்துவிட்டு இரண்டு மீட்டருக்குத் தள்ளிப் போனால் சரியாக இரண்டு ஸ்டாப் குறைய வேண்டும். சுவரில் பட்டு வரும் ஒளியால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

மிகப் பழைய வெஸ்டன்களில் ஃபிலிம் வேக எண் அவர்களுடைய சொந்தக் கணக்கு. அதில் 80 என்பது ஐஎஸ்ஓ 100-க்குச் சமம். ‘டின்’ என்று போட்டிருந்தால் 21 டின் என்பது 100.

8. ரசீது, வாரண்டி, நாட்கள்

ரசீதில் மாடல் பெயரோடு சீரியல் எண்ணும் இருக்கட்டும். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் போடாமல் வெளியே வராதீர்கள். வேறு நாட்டுக்கென வந்த சரக்கு என்றால் இங்கே அந்த வாரண்டி செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தபாலில் வந்தால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். குமிழ் வராத சண்டையில் அது உதவும்.

கையேட்டை வாங்கும் முன்பே படியுங்கள். இப்போது விற்பனையில் உள்ளவற்றுக்குத் தயாரிப்பாளரின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் இந்தப் பொத்தான்களோடு நம்மால் குடும்பம் நடத்த முடியுமா என்று தெரிந்துவிடும்.

திருப்பித் தரும் கெடு பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். ஃபிலிம் எடுத்து, கழுவக் கொடுத்து, ஸ்கேன் வருவதற்குள் அது முடிந்துவிடும். அதனால் வந்த அன்றே டிஜிட்டல் கேமராவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முக்கியமான நிகழ்ச்சி இருந்தால் அதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு மீட்டர் கையில் இருக்க வேண்டும். ஒரு சோதனை ரோலுக்கு அவ்வளவு தேவை.

9. முதல் ரோல்

சோதனை ரோலில் ஒரே காட்சியை மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று என எடுங்கள். எண்களை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், நினைவில் நிற்காது. ஸ்லைடு ஃபிலிம் இருந்தால் அதில் எடுப்பது நல்லது. நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் கூடினாலும் மன்னித்துவிடும், அதனால் மீட்டரின் தப்பை மறைத்துவிடும்.

எல்லாப் படமும் ஒரே மாதிரி ஒரு ஸ்டாப் குறைவாக வந்தால் மீட்டரைத் திருத்தக் கொடுக்க வேண்டாம். 400 ஃபிலிமுக்கு ஐஎஸ்ஓவை 200-இல் வையுங்கள். மீட்டரின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எழுதிவையுங்கள்.

ஒரு நொடிக்கு மேல் போகும் எக்ஸ்போஷருக்கு மீட்டர் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள். நீண்ட நேரத்தில் ஃபிலிமின் உணர்திறன் குறையும், மீட்டருக்கு அது தெரியாது. எவ்வளவு கூட்டுவது என்பது ஃபிலிமின் விவரத்தாளில் இருக்கும். லென்ஸில் மஞ்சள் ஃபில்டர் போட்டிருந்தால் சுமார் ஒரு ஸ்டாப் நீங்களே கூட்ட வேண்டும். கையில் இருக்கும் மீட்டர் ஃபில்டர் வழியாகப் பார்ப்பதில்லை. நான் இன்னமும் மறப்பது இதைத்தான்.

மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். செலினியம் என்றால் மூடியுள்ள உறையில், ஈரம் இல்லாத இடத்தில். கயிற்றை மட்டும் வாங்கிய அன்றே மாட்டிவிடுங்கள். மீட்டர்கள் சாவது பெரும்பாலும் கேமராவில் ஃபிலிம் சுற்றும்போது, இரண்டு கையும் வேலையாக இருக்க, அக்குளில் இடுக்கியது நழுவி விழுந்துதான்.